கேட்டதை நம்புவதற்கு முன்: சொல்லாமல் விட்ட ஊகத்தைத் தேடும் வழி

“கஷாயம் குடிச்சேன், மூணே நாள்ல காய்ச்சல் போயிடுச்சு.” வீட்டிலும் டீக்கடையிலும் அலுவலகத்திலும் இப்படி ஒரு பேச்சு தினமும் காதில் விழுகிறது. சொல்பவர் பொய் சொல்லவில்லை. கஷாயம் குடித்தது உண்மை, காய்ச்சல் போனதும் உண்மை. ஆனால் இரண்டுக்கும் நடுவில் அவர் வாய்விட்டுச் சொல்லாத ஒன்று இருக்கிறது: குடிக்காமல் இருந்திருந்தால் காய்ச்சல் போயிருக்காது. அதை அவர் சோதிக்கவில்லை. சோதிக்க வேண்டிய ஒன்று அங்கே இருப்பதே அவர் கண்ணில் படவில்லை. சாதாரண வைரஸ் காய்ச்சல் பெரும்பாலும் சில நாட்களில் தானாகவே இறங்கிவிடும்.

விமர்சனச் சிந்தனையைக் கற்க வருபவர்கள் பலர் தர்க்கப் பிழைகளின் பட்டியலை மனப்பாடம் செய்வதில் தொடங்குகிறார்கள். பட்டியல் மட்டும் தெரிந்தால் எதிரில் பேசுபவரை மடக்கலாம். நம் சொந்த முடிவுகளைச் சரிபார்க்க அது போதாது. பெரும்பாலான பிழைகளுக்கு அடியில் யாரும் எழுதிவைக்காத ஓர் ஊகம் இருக்கும். அதைத் தோண்டி எடுத்துவிட்டால் பிழையின் பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. அதனால் இந்த வழிகாட்டி ஊகத்திலிருந்தே தொடங்குகிறது.

பயிற்சிக்கு ஒரு நோயின் கதையை எடுத்துக்கொள்கிறேன்: பெரிபெரி. முதலில் கால் மரத்துப்போகும், பிறகு வீங்கும் அல்லது சூம்பும், நடை தள்ளாடும், முற்றினால் இதயம் செயலிழந்து உயிர் போகும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜப்பானிலும் ஜாவாவிலும் மலாயாவிலும் படைவீரர்கள், கைதிகள், சுரங்கத் தொழிலாளர்கள் எனக் கூட்டங்கூட்டமாக இதனால் செத்தார்கள். தீட்டிய வெள்ளை அரிசியையே பெரும்பாலும் உண்டு வாழ்ந்ததில் தயமின் என்ற வைட்டமின் பி1 கிடைக்காமல் போனதுதான் காரணம் என்று இன்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அன்றைக்கு வைட்டமின் என்று ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. அந்தக் காலத்தின் மிகச் சிறந்த மருத்துவர்கள் எங்கே வழி தவறினார்கள், எப்படித் திரும்பி வந்தார்கள் என்பதில் நாம் கற்க வேண்டிய எல்லாமே இருக்கிறது.

படி 1: கூற்றைப் பிரித்து எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்து மூன்று வரி எழுதுங்கள். என்ன சொல்கிறார்? அதற்கு என்ன காரணம் காட்டுகிறார்? எந்த எடுத்துக்காட்டை வைத்து அந்தக் காரணத்தை நம்பச் சொல்கிறார்?

இது நமக்குப் புதிய முறை இல்லை. மணிமேகலையின் 29ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் இதைத்தான் பக்கம் (கூற்று), ஏது (காரணம்), திட்டாந்தம் (எடுத்துக்காட்டு) என்று பிரித்துக் கற்பிக்கிறார். மலையில் நெருப்பு இருக்கிறது, ஏனென்றால் புகை தெரிகிறது, அடுக்களையில் பார்த்ததுபோல. இந்த மூன்றில் ஒவ்வொன்றும் எப்படியெல்லாம் போலியாகலாம் என்றும் அந்தக் காதை வகைப்படுத்துகிறது: பக்கப் போலி 9, ஏதுப் போலி 14, திட்டாந்தப் போலி 10. பிழை எந்த வரியில் நுழைந்தது என்று கேட்கும் பழக்கத்துக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை.

1880களில் பெரிபெரியைப் பற்றிப் பெரும்பாலான மருத்துவர்கள் நம்பியதை இப்படிப் பிரிக்கலாம். கூற்று: பெரிபெரி ஒரு கிருமியால் வருகிறது. காரணம்: ஒரே முகாமில், ஒரே சிறையில், ஒரே கப்பலில் பலருக்குச் சேர்ந்தாற்போல் வருகிறது. எடுத்துக்காட்டு: காசநோய், காலரா. ராபர்ட் கோக் 1882இல் காசநோய்க் கிருமியைக் காட்டியிருந்தார், அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் காலராக் கிருமியையும் அடையாளம் கண்டிருந்தார். எடுத்துக்காட்டு பலமாக இருந்தது. அது பலமாக இருந்ததால்தான் காரணத்தை யாரும் உரசிப் பார்க்கவில்லை.

படி 2: சொல்லாமல் விட்டதை முழு வாக்கியமாக எழுதுங்கள்

காரணத்திலிருந்து கூற்றுக்குப் போக எந்தப் பாலம் தேவை என்று கேளுங்கள். ‘எல்லாம்’, ‘எப்போதும்’, ‘மட்டும்’ போன்ற சொற்களைத் தயங்காமல் போட்டு எழுதுங்கள். மேலே சொன்னதில் பாலம் இது: ஒரே இடத்தில் பலருக்கு வரும் நோய் எல்லாம் தொற்றுநோய்.

எழுதிப் பார்த்தவுடனே சந்தேகம் வருகிறது பாருங்கள். ஒரே இடத்தில் இருப்பவர்கள் ஒரே காற்றைச் சுவாசிக்கிறார்கள். ஒரே பானைச் சோற்றையும் சாப்பிடுகிறார்கள். மனதுக்குள் இருக்கும்வரை ஊகம் உண்மைபோலவே இருக்கும். தாளில் இறங்கினால்தான் அது வெறும் ஊகம் என்று தெரியும்.

அன்றைக்கு டச்சு ஆட்சியில் இருந்த ஜாவாவுக்கு 1886இல் ஒரு மருத்துவக் குழு வந்தது, கிருமியைக் கண்டுபிடிக்கத்தான். குழு திரும்பிய பிறகும் பத்தாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், தங்கி ஆய்வைத் தொடர்ந்தவர் கிறிஸ்டியான் எய்க்மன். கோழிகளுக்கு நோயாளிகளிடமிருந்து எடுத்ததைச் செலுத்திப் பார்த்தார். கோழிகள் தள்ளாடின. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக எதுவும் செலுத்தாமல் தனியே வைத்திருந்த கோழிகளும் தள்ளாடின.

இந்த இடத்தில் சற்று நின்று யோசியுங்கள். எதுவும் செலுத்தாத கோழிக்கும் நோய் வந்தால் கிருமிக் கொள்கை ஆட்டம் காண வேண்டும். ஆனால் ஊகம் ஆழமாக ஊன்றியிருந்தால் எதிர்ச் சான்றும் ஆதரவுச் சான்றாக மாறிவிடும். ‘மற்றக் கோழிகளிடமிருந்து தொற்றியிருக்கும்’ என்று தோன்றியது. கோழிகளைப் பிரித்துத் தள்ளி வைத்துப் பார்த்தார், அப்போதும் நோய் வந்தது. பிறகு ஒருநாள், யாரும் எதுவும் செய்யாமலே எல்லாக் கோழிகளும் தேறின.

இதுபோல, என்ன நடந்தாலும் தனக்குச் சாதகமாகவே விளக்கிக்கொள்ளும் கருத்து உங்களிடமும் என்னிடமும் உண்டு. அதைப் பிடிக்க ஒரே கேள்விதான்: எது நடந்தால் இது தவறு என்று ஒப்புக்கொள்வேன்? பதில் வரவில்லை என்றால் அந்தக் கருத்தை நீங்கள் இன்னும் சோதிக்கவே தொடங்கவில்லை.

படி 3: வேறு என்ன மாறியது?

கோழிகள் ஏன் தேறின? எய்க்மன் விசாரித்தார். தீனியைக் கவனித்துக்கொண்ட உதவியாளர் சில மாதங்களாக ராணுவ மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றைக் கோழிகளுக்குப் போட்டு வந்திருக்கிறார். பிறகு புதிய சமையற்காரர் வந்தார். ராணுவ அரிசியை ராணுவத்தைச் சேராத கோழிகளுக்குத் தர முடியாது என்று மறுத்துவிட்டார். கோழிகள் பழையபடி தவிடு நீங்காத அரிசிக்குத் திரும்பின, தேறின. எய்க்மன் தன் நோபல் உரையிலேயே இந்தச் சமையற்காரரை நினைவுகூர்கிறார்.

ஒன்றுக்குப் பின் இன்னொன்று நடந்ததால் முன்னதே காரணம் என்று முடிவுகட்டுவது, தர்க்கப் பிழைகளில் நம் அன்றாட வாழ்வில் அதிகம் புழங்குவது. கஷாயமும் காய்ச்சலும் இந்த வகைதான். இதைத் தவிர்க்க நடைமுறையில் செய்யக்கூடியது, அந்தக் காலகட்டத்தில் மாறிய மற்ற எல்லாவற்றையும் பட்டியல் போடுவது. சாப்பாடு, தூக்கம், தண்ணீர், பருவம், இடம், கூட இருந்த ஆட்கள், வேறு மருந்து. பட்டியலில் இரண்டு மூன்று மாற்றங்கள் இருந்தால் ‘இதனால்தான்’ என்று சொல்லும் உரிமை இன்னும் உங்களுக்குக் கிடைக்கவில்லை.

எய்க்மன் பார்த்தது கோழிகளில். மனிதர்களுக்கும் பொருந்துமா? ஜாவாவின் சிறைகளை மேற்பார்வை செய்துவந்த அடோல்ஃப் வோர்டர்மன் 1896இல் நூறு சிறைகளுக்கு மேல் சுற்றினார். தவிடு பெரும்பாலும் நீங்காத அரிசி கொடுத்த 37 சிறைகளில் ஒன்றில்தான் பெரிபெரி இருந்தது. தீட்டிய அரிசி கொடுத்த 51 சிறைகளில் 36இல் இருந்தது. இத்தோடு அவர் நிறுத்தியிருந்தால் நான் அவரைப் பற்றி இங்கே எழுதியிருக்க மாட்டேன். கட்டடம் பழசா புதுசா, தரை ஈரம் உறிஞ்சுமா, காற்றோட்டம் எப்படி, கைதிகள் எவ்வளவு நெருக்கமாக இருக்கிறார்கள் என்று, மற்றவர்கள் சொல்லக்கூடிய காரணம் ஒவ்வொன்றையும் எடுத்துத் தனித்தனியே ஒப்பிட்டார். எதற்கும் நோயோடு ஒட்டுறவு தெரியவில்லை. தன் கருத்துக்கு எதிராக என்ன சொல்வார்கள் என்று தானே யோசித்து, அதைத் தானே சோதிப்பது. புதிதாகப் பழகுபவர்கள் மனதில் இருத்திக்கொள்ள வேண்டிய முன்மாதிரி இவர்.

இன்னும் ஒரு படி மேலே போனவர் மலாயாவில் இருந்த மருத்துவர் வில்லியம் ஃப்ளெட்சர். கோலாலம்பூர் மனநலக் காப்பகத்தில் 1905இல் பெரிபெரி கடுமையாக இருந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் அவர் அங்கிருந்தவர்களை வரிசையில் நிற்கவைத்து எண்ணினார். ஒற்றைப்படை எண் வந்தவர்களுக்கு வழக்கமான சயாம் (இன்றைய தாய்லாந்து) வெள்ளை அரிசி, இரட்டைப்படைக்கு இந்தியாவிலிருந்து வந்த புழுங்கல் அரிசி. மற்ற உணவெல்லாம் ஒன்றே. ஒரு பிரிவுக்குச் சுமார் 120 பேர். வெள்ளை அரிசி சாப்பிட்டவர்களில் முப்பதுக்கும் மேற்பட்டோருக்கு நோய் வந்து 18 பேர் இறந்தார்கள். புழுங்கல் அரிசிப் பக்கம் இரண்டே நோயாளிகள், அவர்களும் காப்பகத்தில் சேரும்போதே நோயோடு வந்தவர்கள். அங்கே யாரும் பெரிபெரியால் சாகவில்லை. ‘அந்தக் கட்டடத்தில்தான் ஏதோ இருக்கிறது’ என்ற பேச்சுக்கும் இடம் வைக்காமல், நடுவில் இரு பிரிவினரையும் கட்டடம் மாற்றித் தங்கவைத்தார்.

தர்க்கமாகப் பார்த்தால் அழகான சோதனை. ஆனால் அந்த 18 பேரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் மறுக்கும் நிலையில் அவர்கள் இல்லை. இதைச் சொல்லாமல் அந்த எண்ணைப் பயன்படுத்த எனக்கு மனம் வரவில்லை.

படி 4: சொல்பவர் யார் என்பதையும், அவருடைய விளக்கத்தையும், விளைவையும் தனித்தனியே வையுங்கள்

ஜப்பான் கடற்படையில் நடந்ததை இதற்காகவே நிதானமாகப் படிக்கலாம். 1882-83இல் ரியூஜோ என்ற பயிற்சிக் கப்பல் நியூசிலாந்து, தென் அமெரிக்கா, ஹவாய் என்று நீண்ட பயணம் போனது. 376 பேரில் 169 பேருக்குப் பெரிபெரி, 25 பேர் இறந்தார்கள். கடற்படை மருத்துவர் தகாகி கனேஹிரோ உணவுதான் காரணம் என்று நினைத்தார். 1884இல் ட்சுகுபா என்ற கப்பலை அதே வழியில், வெள்ளைச் சோற்றைக் குறைத்து இறைச்சி, ரொட்டி, பயறு கூட்டி அனுப்பவைத்தார். 333 பேரில் பதினைந்து பேரளவில்தான் நோய் வந்தது, அவர்களில் பலர் புதிய உணவைச் சாப்பிட மறுத்தவர்கள். ஒருவரும் இறக்கவில்லை. சில ஆண்டுகளில் கடற்படையில் பெரிபெரி ஏறக்குறைய ஒழிந்தது.

தகாகி சொன்ன விளக்கம் மட்டும் தவறு. புரதம் குறைவதால் நோய் வருகிறது என்றார். தரைப்படை மருத்துவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். இஷிகுரோ ததனோரியும், பின்னாளில் மோரி ஓகாய் என்ற பெயரில் இலக்கியத்தில் புகழ்பெற்ற மோரி ரிந்தாரோவும் அந்தப் பக்கம் நின்றவர்களில் முக்கியமானவர்கள். புரதக் கொள்கை அறிவியல்படி நிற்காது என்ற அவர்கள் வாதம் சரி. அதிலிருந்து, ஆகவே உணவை மாற்றத் தேவையில்லை என்ற முடிவுக்குப் போனதுதான் பிழை. காரணம் பொய்யானால் கூற்றும் பொய் என்பது அங்கே ஒளிந்திருந்த ஊகம். தகாகி லண்டனில் படித்தவர், தரைப்படையினர் ஜெர்மானிய மருத்துவ மரபினர் என்ற பிளவும் அந்த ஊகத்துக்கு உரம் போட்டது. 1904-05 ரஷ்யப் போரில் ஜப்பான் தரைப்படையில் இரண்டு லட்சம் பேருக்கு மேல் பெரிபெரி கண்டது. 27,000 பேர் அளவில் இறந்தார்கள். இருபது ஆண்டுகளுக்கு முன்பே பக்கத்திலிருந்த கடற்படையில் தீர்வு நடைமுறையில் இருந்தது.

தர்க்கப் பிழைகளைப் புதிதாகக் கற்றவர்கள் மிக எளிதாக விழும் குழி இது. ‘உன் வாதத்தில் பிழை இருக்கிறது’ என்று காட்டியதும், ‘ஆகவே நீ சொன்னது பொய்’ என்று தாவிவிடுகிறார்கள். பிழையான வாதம் எதையும் நிறுவவில்லை, அவ்வளவுதான். எதிர்ப்பக்கத்தையும் அது நிறுவவில்லை. எய்க்மன்கூட வெள்ளை அரிசியின் மாவில் ஏதோ நஞ்சு இருக்கிறது, தவிட்டில் அதற்கு முறிவு இருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தார். நஞ்சு எதுவும் இல்லை, அவசியமான ஒரு பொருள் இல்லாமல் போவதே நோய் என்று 1901இல் சொன்னவர் அவருக்குப் பின் வேலையைத் தொடர்ந்த கெரிட் கிரைன்ஸ். தாளில் எழுதும்போது மூன்று தலைப்பு போடுங்கள்: யார் சொன்னார், ஏன் என்றார், என்ன நடந்தது. மூன்றாவதுக்குக் கீழே இருப்பதை முதலிரண்டை வைத்து அடிக்காதீர்கள்.

படி 5: உங்களுக்குப் பிடித்த முடிவைக் கூடுதலாகச் சந்தேகியுங்கள்

மலாயாவில் இன்னொரு செய்தியும் மருத்துவர்கள் கண்ணில் பட்டது. வெள்ளீயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் பெரிபெரியால் வாடினார்கள். தோட்டங்களில் இருந்த தமிழர்களுக்கு அது அரிதாகவே வந்தது. உடல்வாகு, இனம் என்று முடிவுகட்ட வாய்ப்பான இடம். பிராடன் என்ற மருத்துவர் அவர்கள் தட்டில் இருந்த வேறுபாட்டைக் கவனித்தார். சீனர்கள் சாப்பிட்டது வெள்ளை அரிசி, தமிழர்கள் சாப்பிட்டது புழுங்கல் அரிசி, வீட்டில் குத்திய அரிசியைச் சாப்பிட்ட மலாய்க்காரர்களுக்கும் நோய் அரிது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டுப் பகுதியில் உள்ள தயமின் தண்ணீரில் கரைந்து அரிசியின் உட்பகுதிக்குள் இறங்குகிறது. பிறகு தீட்டினாலும் ஓரளவு தங்கிவிடுகிறது.

இதைப் படித்ததும் பலர் மனதில் ஒரு வாக்கியம் எழும்: பார்த்தீர்களா, நம் முன்னோர்களுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது. படி 1, படி 2 இரண்டையும் இங்கே போட்டுப் பாருங்கள். கூற்று: முன்னோர் இந்நோயைத் தடுக்கவே நெல்லைப் புழுக்கினர். காரணம்: புழுக்கியதால் நோய் தடுக்கப்பட்டது. பாலம்: ஒரு பழக்கத்தால் நன்மை விளைந்தால், அந்த நன்மையை அறிந்தே அதைத் தொடங்கினார்கள். அந்தப் பாலம் தாங்காது. புழுக்கிய நெல்லில் உமி எளிதில் கழன்றுவிடும், குத்தும்போது அரிசி நொறுங்காது, அதிக நாள் கெடாமல் இருக்கும். பழக்கம் நிலைக்க இவையே போதும். நம் உழவர்களின் கைத்திறனை மதிக்க அவர்கள் வைட்டமினை அறிந்திருந்தார்கள் என்று கதை கட்ட வேண்டியதில்லை. ‘முன்னோர் செய்தார்கள், ஆகவே சரி’ என்பதும், ‘பழசு, ஆகவே மூடநம்பிக்கை’ என்பதும் ஒரே பிழையின் இரண்டு முகங்கள். வயதை வைத்து எடைபோடுகின்றன, விளைவைப் பார்ப்பதில்லை.

பெருமை தரும் முடிவு, கோபத்தைத் தூண்டும் முடிவு, ‘நான்தான் அப்பவே சொன்னேனே’ என்று சொல்லவைக்கும் முடிவு. இந்த மூன்றும் வரும்போது தாளை எடுப்பது நல்ல பழக்கம்.

படி 6: மற்றவரிடம் கேட்கும் விதம்

கற்றதைக் குடும்பத்தில் பயன்படுத்தப் போகும்போதுதான் நிறையப் பேர் கசப்பைச் சம்பாதிக்கிறார்கள். பிழையின் பெயரைச் சொல்லாதீர்கள். உண்மையிலேயே பதில் தெரிந்துகொள்ள விரும்பிக் கேளுங்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா ஒரு செய்தியைப் பகிர்கிறார் என்று வைத்துக்கொள்வோம்: ஏதோ ஓர் இலையைத் தின்றால் சர்க்கரை நோய் அடியோடு போய்விடும், அவருடைய நண்பர் மாத்திரையையே நிறுத்திவிட்டார்.

“சித்தப்பா, உங்க ஃபிரண்டு இலை சாப்பிட ஆரம்பிச்சப்ப வேற ஏதாவது மாத்தினாரா?”

“காலையில வாக்கிங் போறான்டா. ராத்திரி சோத்த நிறுத்திட்டான்.”

“மாத்திரைய நிறுத்துனதுக்கு அப்புறம் மூணு மாச சராசரி டெஸ்ட் எடுத்தாரா?”

“அது தெரியல. கேட்டுச் சொல்றேன்.”

இவ்வளவு போதும். இங்கே யாரும் தோற்கவில்லை, சித்தப்பாவே படி 3இன் பட்டியலை நிரப்பத் தொடங்கிவிட்டார். மாத்திரையை நிறுத்துவது உயிரோடு விளையாடும் விஷயம் என்பதால் ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: “டாக்டரக் கேக்காம அவர நிறுத்த வேணாம்னு சொல்லுங்க சித்தப்பா.” அங்கே நயமாகப் பேசுவதைவிட அது முக்கியம்.

தொடங்க ஏற்ற பயிற்சி: இந்த வாரம் நீங்கள் பிறருக்கு அனுப்பிய செய்திகளில் ஒன்றை எடுங்கள். பிறர் அனுப்பியது வேண்டாம். கூற்று, காரணம், எடுத்துக்காட்டு, சொல்லாமல் விட்ட ஊகம் என்று நான்கு வரி எழுதுங்கள். ஐந்தாவது வரியில், எது தெரியவந்தால் இதை வாபஸ் வாங்குவேன் என்று எழுதி, அதைத் தேடிப் பாருங்கள். தேடியது கிடைத்துவிட்டால், செய்தியை அனுப்பிய அதே ஆட்களுக்கு அதையும் அனுப்புங்கள்.